விற்க முடியாத கார்

லண்டனில் வாரன் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. 1947-ல் அது பழைய கார் புரோக்கர்களின் ராஜ்ஜியம். நடைபாதையை ஒட்டி வண்டிகளை நிறுத்தியிருப்பார்கள். பேரம் தெருவிலேயே நடக்கும். பணம் கைமாறும், சாவி கைமாறும், போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு காலேஜ் பையனும் இருந்தான். பத்தொன்பது வயது. நடந்து போகிற தூரத்தில் யூனிவர்சிட்டி காலேஜ். அங்கே கட்டுமான என்ஜினீயரிங் படிப்பு. இங்கே கார் வியாபாரம். யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புதுக் கார்களில் பெரும் பகுதியை ஏற்றுமதிக்கு அனுப்பிவிட்டு, உள்ளூர்க்காரர்களைக் காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் அரசாங்கம். ஆகவே ஓட்டை உடைசலாக இருந்தாலும் நாலு சக்கரம் உருண்டால் போதும், நல்ல விலை. பையன் கொஞ்சம் காசு பார்த்துவிட்டான்.

பெயர், காலின் சாப்மன்.

நமக்குச் சுதந்திரம் கிடைத்த அதே ஆகஸ்ட் மாதம் பிரிட்டனின் கஜானாவில் டாலர் வற்றிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாங்க டாலர் வேண்டும். இல்லை. என்ன செய்வார்கள்? சொந்த உபயோகத்துக்கென்று ஒவ்வொரு காருக்கும் கொடுத்துவந்த அடிப்படை பெட்ரோல் ரேஷனை அந்த வருஷக் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். பெட்ரோலே கிடையாது என்றால் காரை வாங்கி யார் என்ன செய்வது? பூந்தொட்டியா வைக்க முடியும்? ஒரே வீச்சில் மார்க்கெட் படுத்துவிட்டது. சாப்மன் கையிலிருந்த வண்டிகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளினார். சேர்த்துவைத்த லாபம் அத்தனையும் போச்சு.

ஒரே ஒரு வண்டி மட்டும் விற்கவே இல்லை. ஒரு பழைய ஆஸ்டின் செவன். வயதான கிழம்.

பின்னாளில் ஃபார்முலா ஒன் பந்தயங்களை ஆட்டிப்படைத்த லோட்டஸ் கம்பெனி, இந்தப் போணியாகாத சரக்கிலிருந்துதான் பிறந்தது.

வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் என்கிற பகுதி. அங்கே சாப்மனின் காதலி ஹேஸல் வில்லியம்ஸின் பெற்றோர் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். பழைய ஆஸ்டினை அங்கே கொண்டுபோய், மேல் கூட்டை முழுசாகக் கழற்றி எறிந்தார் சாப்மன். பிளைவுட்டும் அலுமினியத் தகடும் சேர்த்துப் புதுசாக ஒரு உடம்பு செய்தார். 1948-ல் வண்டி தயார். நம்பர், ஓ.எக்ஸ். 9292. சேறும் மேடுமான பாதைகளில் ஏறிக் காட்டுகிற போட்டிகளுக்கு அதை எடுத்துக்கொண்டு காதலனும் காதலியும் போனார்கள். வண்டிக்கு 'லோட்டஸ்' என்று பெயர் வைத்தார். தாமரை. ஏன் தாமரை என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. ஹேஸலைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக் காதலியோடு சேர்ந்து உழைத்து உருவாக்கிய முதல் காரை ஒரு மனிதன் என்ன செய்வான்? போர்வை போர்த்திப் பாதுகாப்பான் என்றுதானே நினைப்போம்? 1950-ல் 'மோட்டார் ஸ்போர்ட்' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார் சாப்மன். நவம்பர் மாதம் இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். சாப்மனுக்கு அடுத்த கார்தான் முக்கியம். எப்போதுமே அடுத்த கார்தான்.

1952 ஜனவரி முதல் தேதி லோட்டஸ் என்ஜினீயரிங் கம்பெனி ஆரம்பமானது. முதலீட்டுக்கு ஹேஸல் கொடுத்தது 25 பவுண்டு. தொழிற்சாலை என்றால் பெரிசாகக் கற்பனை செய்யாதீர்கள். ஹார்ன்ஸியில் சாப்மனின் அப்பா நடத்திக்கொண்டிருந்த ரயில்வே ஹோட்டலுக்குப் பின்புறம், ஒரு காலத்தில் குதிரை கட்டிய கொட்டடி.

இங்கேதான் கதைக்குள் வரிச் சட்டம் நுழைகிறது. நான் பி.காம். படித்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே நிற்பேன். பொறுத்துக்கொள்ளவும்.

யுத்த காலத்தில், 1940-ல், பிரிட்டனில் கொள்முதல் வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அத்தியாவசியம் அல்லாத சாமான்களை ஜனங்கள் வாங்கிக் குவிக்கக்கூடாது என்பது எண்ணம். யுத்தம் முடிந்தது. வரி முடியவில்லை. எந்த வரிதான் முடிந்திருக்கிறது? 1950-களில் புதுக் காரின் மொத்த வியாபார விலைமீது 50 சதவிகிதம், 60 சதவிகிதம் என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது இந்த வரி. வாடிக்கையாளர் கொடுக்கும் ஒவ்வொரு மூன்று பவுண்டிலும் ஏறக்குறைய ஒன்று அரசாங்கத்துக்கு.

ஆனால் வரி, காருக்குத்தான். உதிரிபாகங்களுக்கு இல்லை. சமைத்த சாப்பாட்டுக்கு வரி, அரிசி பருப்புக்கு வரி இல்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வீட்டில் பொங்கிக்கொள்ள மாட்டீர்களா? சாப்மன் அதைத்தான் விற்றார். சேஸிஸ் தனியாக, அலுமினியத் தகடு தனியாக, பிரேக் தனியாக, லைட் தனியாக. மொத்தமாக அள்ளிக்கொண்டு போய், வீட்டில் வைத்து நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள். இதற்குப் பெயர் கிட் கார்.

வரி ஏய்ப்புக்கும் வரித் தவிர்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை பி.காம். பரீட்சையில் தவறாமல் கேட்பார்கள். நானும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். சாப்மன் கதை அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் நாலு மார்க் கிடைத்திருக்கும். கூலிக்கு ஆள் வைத்து மாட்டக்கூடாது, வாங்கியவரே மாட்ட வேண்டும் என்றது வரித்துறை. சரி என்றார். எப்படி மாட்டுவது என்று விளக்கப் புத்தகம் கொடுத்தால் அது முழுக் கார் விற்ற கணக்கில் வந்துவிடும் என்றது. அதற்கும் சரி என்றார். அதற்குப் பதிலாக, காரை எப்படிப் பிரிப்பது என்று ஒரு விளக்கம் கொடுத்தார் என்பார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து முதல் பக்கத்துக்கு வந்தால் கார் ரெடி! கார் ரசிகர்கள் மத்தியில் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கப்படும் விஷயம் இது.

முதலில் வந்த கிட், லோட்டஸ் மார்க் சிக்ஸ். நூற்றுச் சொச்சம் வண்டிகள் விற்றது. பிறகு 1957-ல் வந்தது லோட்டஸ் செவன். இதிலே ஒரு வேடிக்கை, எட்டும் ஒன்பதும் பத்தும் பதினொன்றும் ஏற்கெனவே வந்துவிட்டன. ஏழு மட்டும் காலியாகக் கிடந்தது. அந்த நம்பரைக் கொண்டுவந்து இதற்கு ஒட்டினார்கள்.

பார்க்க எப்படி இருக்கும்? நீளமான மூக்கு. முன்சக்கரங்களுக்கு மேலே மட்கார்டுகள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கதவு கிடையாது. மேலே துணிக்கூரை, அதையும் நம்ப முடியாது. இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம். மூன்றாவதாக ஒரு பெட்டி வைக்க வேண்டுமென்றால் யோசிக்கணும். மொத்த எடை சுமார் அரை டன்தான். எடையைக் குறை, வேகம் தானாக வரும் என்பது சாப்மனின் வேதம். சாதாரண ஃபோர்டு எஞ்சின், 1,172 சி.சி. அதை வைத்துக்கொண்டே மணிக்கு 80 மைல் போனது.

விலையைப் பாருங்கள். லோட்டஸ் கொடுக்கிற பாகங்களுக்கு 399 பவுண்டு. ஃபோர்டு எஞ்சினும் கியர்பாக்ஸும் 100. பின் ஆக்ஸில் 27. ஆக மொத்தம் 526. இதே காரைத் தொழிற்சாலையில் மாட்டி வாங்கினால் ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். வரியும் தொழிற்சாலைக் கூலியும் மிச்சம் என்றால் கசக்குமா?

வாங்கியவர்கள் பெரும்பாலும் கோடீஸ்வரர்கள் இல்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிறவர்கள். வேகத்தின்மீது ஆசை, பாக்கெட்டில் ஓட்டை. ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவர்கூட ஸ்பானர் வாங்கினார். வாரக் கடைசிகள் காணாமல் போயின. விரலில் காயம், வீட்டில் முணுமுணுப்பு. ஒரு வழியாக எஞ்சின் உறுமுகிற அன்றைக்கு அந்த மனிதனின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இப்படி உருவாக்கிய காரையும் ஒரு நாள் விற்க வேண்டி வரும். கல்யாணம் ஆகும். குழந்தை பிறக்கும். இரண்டே சீட், கதவில்லை, மழையில் ஒழுகும். கைக்குழந்தையை எங்கே வைப்பது? வாங்க வருகிறவரோ சுற்றிச் சுற்றி வந்து சந்தேகமாகத்தான் பார்ப்பார். தொழிற்சாலையில் மாட்டிய வண்டியா? இல்லை, நான் மாட்டியது. நீங்களா? அங்கேயே விலை இறங்கும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் சொந்த உழைப்புக்கு பில் கிடையாது. முப்பது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ரசீது காட்ட முடியுமா? அந்தக் காரை உருவாக்கியவன் எதை விற்கிறான் என்பது வாங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் கொடுப்பது ஒரு பழைய காருக்கான விலை மட்டும்.

வரித்துறையின் ஒரு விதி ஆயிரக்கணக்கான ஆண்களை இப்படி ஒரு இரும்புச் சட்டத்தின்மீது பாசம் வைக்கவைத்தது. சட்டம் போட்ட அதிகாரி கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இந்தப் பாசம் ஒரு டெலிவிஷன் தொடரிலும் வந்தது. 'தி பிரிஸனர்'. 1967, 68-ல் பிரிட்டனைக் கட்டிப்போட்ட தொடர். ராஜினாமா செய்த ஒரு உளவாளியைக் கடத்திக்கொண்டு போய் ஒரு மர்மமான கிராமத்தில் அடைத்துவிடுவார்கள். அவனுக்குப் பெயர் கிடையாது, ஆறாம் நம்பர். நாயகன் பாட்ரிக் மக்கூஹன் ஓட்டுகிற கார், பச்சையும் மஞ்சளுமான லோட்டஸ் செவன். கே.ஏ.ஆர். 120சி. ஒரு எபிசோடில் தப்பித்து லண்டனுக்கு வந்துவிடுவான். வந்து பார்த்தால் அவன் வீட்டில் வேறொரு பெண்மணி குடியிருப்பார். அவனுடைய கார் இப்போது அவர் கையில்! கார் என்னுடையது என்று நிரூபிக்க அவன் நம்பரைச் சொல்வான், எஞ்சின் நம்பரையும் ஒப்பிப்பான், நானே என் கையால் செய்தது என்பான். சொந்தப் பெயரே பறிபோனவனுக்கு, தன் கையால் மாட்டிய காரின் எஞ்சின் நம்பர் மட்டும் மறக்கவில்லை. வீட்டில் செவன் செய்தவர்களுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

கடைசி எபிசோடு எடுக்கும் நேரத்தில் ஒரு சிக்கல். படப்பிடிப்பில் ஓடிய காரை லோட்டஸ் கம்பெனி அதற்குள் விற்றுவிட்டிருந்தது. (சாப்மன் கம்பெனி வேறெப்படி இருக்கும்?) அவசரமாக இன்னொரு செவனை அதே மாதிரி பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார் ஒரு டீலர். காட்சியில் காரை ஓட்டிக்கொண்டு வந்து ஒப்படைக்கிற சிறு வேஷமும் அவருக்கே கிடைத்தது. ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார். சில விநாடிகள்தான்.

அவர் பெயர் கிரஹாம் நியர்ன். லண்டனுக்குத் தெற்கே, ஸர்ரே மாவட்டத்தில் கேட்டர்ஹாம் என்கிற சின்ன ஊரில் 1959-லிருந்து கார் வியாபாரம். லோட்டஸ் ஏஜென்ட். கடையில் எத்தனையோ மாடல் இருந்தாலும் மனிதருக்கு செவன்மீது மட்டும் தனிப் பைத்தியம்.

செவனைப் பெற்ற கம்பெனிக்கோ அதன்மீது பெரிய அக்கறை இல்லை. ஜிம் கிளார்க் 1963-லும் 65-லும் லோட்டஸில் உலக சாம்பியன். 1966-ல் நார்ஃபோக்கில் ஒரு பழைய விமானப்படைத் தளத்துக்குக் கம்பெனி குடிபெயர்ந்தது. 1968-ல் பங்குச் சந்தைக்குப் போனது. பங்குதாரர்களை வைத்துக்கொண்டு, நட்டும் போல்ட்டும் அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறோம் என்று சொல்ல முடியுமா? நாலு பேர் உட்காரும் விலை உயர்ந்த கார்கள்தான் எதிர்காலம் என்று சாப்மன் முடிவு செய்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் ஏழைச் சித்தப்பா மாதிரி ஓரமாக நின்றது செவன்.

1970-ல் அதற்கு ஒரு நவீன மேக்கப் போட்டுப் பார்த்தார்கள். அலுமினியத்துக்குப் பதிலாக ஃபைபர் கிளாஸ் உடம்பு, கட்டம் கட்டமாக. கடற்கரையில் ஓட்டும் விளையாட்டு வண்டி மாதிரி இருந்தது. சில நூறு வண்டிகள் விற்கத்தான் செய்தன. ஆனால் பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்.

பிறகு விழுந்தது கடைசி அடி. 1973 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. ஏப்ரல் முதல் தேதி பழைய கொள்முதல் வரி ஒழிந்தது. அந்த இடத்தில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. வாட் என்று பிற்பாடு நம் ஊர் கடைக்காரர்களையும் தூங்கவிடாமல் செய்ததே, அதே வரி. பிரிட்டனில் 10 சதவிகிதம். முழுக் காரோ உதிரிபாகமோ எதை வாங்கினாலும் இதைக் கட்டித்தான் ஆகணும். முப்பது வருஷத்து ஓட்டையை ஒரே நாளில் அடைத்துவிட்டார்கள்.

அரிசி பருப்புக்கும் வரி வந்த பிறகு வீட்டில் எதற்குப் பொங்க வேண்டும்? கணக்குப் பிள்ளையாக யோசித்தால் செவனின் ஆயுள் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். சாப்மன் அப்படித்தான் யோசித்தார். தப்பும் இல்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதே 1973-ல் செவனைத் தயாரிக்கும் உரிமை, அச்சுகள், கருவிகள் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். பதினைந்து வருஷங்களில் சுமார் 2,500 கார்கள். வாங்கியவர், கேட்டர்ஹாம் டீலர் கிரஹாம் நியர்ன்.

நியர்னும் வியாபாரிதான், கணக்குத் தெரியாதவர் அல்ல. வரிச் சலுகைக்காக மட்டும் இதை யாரும் வாங்கவில்லை என்பது, கடையில் நின்று வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்த்தவருக்குத் தெரிந்திருந்தது. நார்ஃபோக்கில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

கைக்கு வந்தது ஃபைபர் கிளாஸ் மாடல். கொஞ்ச நாள் அதைத்தான் செய்து விற்றார். பாகங்கள் கிடைப்பது கஷ்டமாயிற்று. 1974-ல் அதைக் கைகழுவிவிட்டு, முந்தைய அலுமினிய மாடலுக்கே திரும்பினார். லோட்டஸ் ஓரம்கட்டிய பழைய உருவம் மறுபடி உயிர்பெற்றது. கேட்டர்ஹாம் செவன் என்று பெயர். எஞ்சின் மாறியது, சஸ்பென்ஷன் மாறியது, அந்த மூக்கும் மட்கார்டும் மாறவில்லை. கிட்டாகவும் விற்றார். வாங்கினார்கள்! வரியில் பெரிசாக ஒன்றும் மிச்சமாகாது என்று தெரிந்தே வாங்கி, விரலைக் கிழித்துக்கொண்டு மாட்டினார்கள். யாராவது அதே சாயலில் கார் செய்தால் நியர்ன் சும்மா விடமாட்டார். வெஸ்ட்ஃபீல்டு என்கிற கம்பெனி 1980-களின் கடைசியில் அவரிடம் மாட்டிக்கொண்டு, தன் காரின் உருவத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. லோட்டஸ் தயாரித்ததைப்போலப் பல மடங்கு செவன்கள் கேட்டர்ஹாம் பெயரில் வெளிவந்துவிட்டன.

2005-ல் நியர்ன் குடும்பமும் விற்றது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து. நியர்ன் 2009-ல் காலமானார். அதற்குப் பிறகு நடந்தது தனிக் கூத்து. மலேசியாவின் ஏர் ஏசியா புகழ் டோனி ஃபெர்னாண்டஸ் 2010-ல் லோட்டஸ் பெயரில் ஃபார்முலா ஒன் அணி நடத்தினார். பெயர் யாருக்குச் சொந்தம் என்று அந்தக் கம்பெனியோடு கோர்ட் வரைக்கும் போனது. 2011-ல் அவர் கேட்டர்ஹாமை விலைக்கு வாங்கி, அடுத்த வருஷம் அணிக்கு அந்தப் பெயரை வைத்தார். மூன்று சீசன், ஒரு பாயின்ட்கூட எடுக்காமல் அணி மூடப்பட்டது. சின்ன செவன் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி தயாராகிக்கொண்டே இருந்தது. 2021-ல் கேட்டர்ஹாம் ஒரு ஜப்பானியக் கம்பெனியின் கைக்குப் போனது. லோட்டஸும் இதற்குள் அமெரிக்கா, இத்தாலி, மலேசியா, சீனா என்று கை மாறிக் கை மாறிப் போய்விட்டது.

சாப்மன் இதில் எதையும் பார்க்கவில்லை. 1982 டிசம்பரில் மாரடைப்பு. வயது 54. ஹேஸல், கணவருக்குப் பிறகு கிட்டத்தட்ட நாற்பது வருஷம் வாழ்ந்து, 2021-ல் மறைந்தார்.

2018-ல் லோட்டஸ் கம்பெனிக்கு எழுபது வயது. முதன்முதலாகச் செய்த கார் எங்கே என்று அப்போது தேட ஆரம்பித்தார்கள். உலகம் முழுக்க அறிவிப்பு கொடுத்தார்கள். உங்கள் வீட்டு ஷெட்டில் பாருங்கள், பழைய கொட்டகைகளில் பாருங்கள், கப்பலேறி வெளிநாட்டுக்குப் போயிருந்தாலும் போயிருக்கும் என்று கெஞ்சாத குறை. 1950 நவம்பரில் வடக்கே போன அந்த ஓ.எக்ஸ். 9292-ன் தடயம், தேடல் தொடங்கியபோது யார் கையிலும் இல்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் சில பழைய கறுப்பு வெள்ளை போட்டோக்கள்தான்.